வாக்கும் வகாலத்தும்

மக்கள் தம் சார்பில் பேசுவோரைத் தாமே தேர்ந்தளிக்கும் வழக்கம் இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதியதன்று. கி.பி. 622இல் அகபாவில் யத்ரிப் நகரத்தார் உறுதிமொழி அளித்தபோது, தமக்குள்ளிருந்தே பன்னிருவரைத் தேர்ந்து தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கஸ்ரஜ் கோத்திரத்தார் ஒன்பதின்மரையும் அவ்ஸ் கோத்திரத்தார் மூவரையும் தந்தனர். 'நகீப்' எனப் பெயர் பெற்ற அவர்கள் தத்தம் மக்களுக்குப் பொறுப்பேற்றனர்.

நம் சென்னை மாகாணத்திற்கும் அத்தகைய ஒரு பொறுப்பு 1946 ஜூலையில் வந்தது. இந்தியாவுக்கு அரசியல் சட்டம் வகுக்கும் பேரவைக்கு, பத்து இலட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்னும் கணக்கில் இம்மாகாணம் 49 பேரை அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றுள் 45 பொது இடங்கள். 4 முஸ்லிம் இடங்கள். தேர்ந்தெடுத்தோர் பொதுமக்கள் அல்லர். மாகாணச் சட்டசபையின் 215 உறுப்பினர்களே. முஸ்லிம் இடங்களுக்கு முப்பதுக்கும் குறைந்த முஸ்லிம் உறுப்பினர்கள் மட்டும் வாக்களித்தனர். அச்சட்டசபையைத் தேர்ந்த வாக்காளரும் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளால் வடிகட்டப்பட்டவர்கள். ஏழைத் தொழிலாளருள் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை.

இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கும் உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களே நெடுங்காலம் ஆள் அனுப்பி வந்தன. 1979 ஜூனில்தான் ஒன்பது நாட்டு மக்கள் நேரே வாக்களித்து 410 பேரைத் தேர்ந்தனர்.

சிலரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பலருக்காக உண்மையாகப் பேச இயலுமா? இக்கேள்விக்கு விடை, டில்லிப் பேரவையில் சென்னை உறுப்பினர்கள் நடந்துகொண்ட முறையில் உள்ளது. மயிலாப்பூரில் வாழ்ந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், ஆந்திர மகிளா சபையை நிறுவிய துர்காபாய் போன்றோர் அங்கு இம்மாகாணத்தின் சார்பில் அமர்ந்தனர். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப், பி. போக்கர் சாகிப், கே.டி.எம். அகமது இப்ராகிம் சாகிப், மஹபூப் அலி பேக் சாகிப் ஆகியோரும் இம்மாகாணத்திலிருந்து அப்பேரவையில் பணியாற்றினர்.

பிரிவினையின் புண் ஆறாத 1947 ஆகஸ்டில் தனித் தொகுதி முறை தொடர வேண்டுமெனப் போக்கர் சாகிப் திருத்தம் கொணர்ந்தார். சர்தார் படேல் அதைக் கடுமையாக மறுத்தார், திருத்தம் தோற்றது. 1948 நவம்பர் 23இல் பொதுச் சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற திருத்தத்தை இஸ்மாயில் சாகிப் முன்மொழிந்தார். யூகோஸ்லாவியாவில் முஸ்லிம்களின் குடும்பச் சட்டம் உடன்படிக்கையால் காக்கப்பட்டதைச் சான்று காட்டினார். அல்லாடியோ, ஆங்கிலேயர் எல்லோருக்கும் ஒரே குற்றவியல் சட்டம் கொணர்ந்தபோது எதிர்ப்பு எழுந்ததா என்று வினவினார். ஒரே மாகாணம் அனுப்பிய இருவர் எதிரெதிரே நின்று, ஏச்சின்றி, சான்றுக்குச் சான்று வைத்து வாதிட்ட காட்சி அது. திருத்தம் ஏற்கப்படவில்லை. எனினும் அம்பேத்கர் தம் பதிலுரையில், வருங்கால நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் தாமே விரும்பி ஏற்போருக்கு மட்டும் உரியதாகத் தொடங்கலாம் என்று கூறினார். சிறுபான்மையின் குரலுக்கு அம்மன்றம் செவி சாய்த்தது என்பதற்கு அது அடையாளம்.

1949 மே மாதத்தில் முஸ்லிம்களுக்கான இட ஒதுக்கீடும் நீக்கப்பட்டது. இஸ்மாயில் சாகிப் எதிர்த்துப் பேசினார், அதிலும் தோல்வியே. ஆயினும் தோற்றவர்கள் மன்றத்தை வெறுத்து ஒதுங்கவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத் தேர்தலில், அன்று சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த மலப்புறத்திலிருந்து போக்கர் சாகிப் மக்களவை சென்றார். இஸ்மாயில் சாகிப் 1952இல் மாநிலங்களவைக்கும், பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மும்முறை மஞ்சேரியிலிருந்து மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் எதிர்த்த முறையிலேயே நின்று மக்கள் நம்பிக்கையை வென்றனர்.

நாம் நீதிமன்றத்தோடு நிறுத்திவிட்ட 'வக்கீல்' என்னும் அரபுச் சொல்லுக்கு, ஒரு காரியம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது பொருள். ஒப்படைப்பவர் இன்றி வக்கீல் இல்லை. அன்று முப்பதுக்கும் குறைந்த கைகளில் இருந்த அந்த ஒப்படைப்பு, இன்று பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வோர் ஆண், பெண் கையிலும் இருக்கிறது. வாக்குப்பெட்டிக்குச் செல்லாது வீட்டிலிருப்பவரும், காசுக்கு வாக்கை விற்பவரும் அமானிதத்தையே வீணாக்குகின்றனர். எண்ணிக்கையில் சிறிய சமூகத்திற்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.