இறுதிக்காலக் கிறிஸ்தவ நாவல்களும் அவற்றின் வாசகர்களும்

இறுதிக்கால நாவல் என்பது கிறிஸ்தவப் புனைகதையில் ஒரு வகை. விவிலியத்தின் தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நூல்களில் வரும் தீர்க்கதரிசனங்களை, விமானமும் தொலைபேசியும் உள்ள இன்றைய உலகில் நடக்கும் கதையாக அது விரித்துச் சொல்லும். இந்த வகையில் மிகுதியாக விற்றது, அமெரிக்கர்களான டிம் லஹாயும் ஜெரி ஜென்கின்ஸும் சேர்ந்து எழுதிய 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை. 1995 முதல் 2007 வரை 16 நூல்கள் வந்தன. 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. சாதாரண நாவலைப் படித்து முடித்தவரிடம் 'கதை எப்படி?' என்று கேட்போம். இதைப் படித்தவர்களில் பலர், 'அன்றைக்கு நான் போவேனா, நிற்பேனா?' என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். இந்த நூல்களுக்கு எழுந்த வரவேற்பும் எதிர்ப்பும் பெரும்பாலும் அந்தக் கேள்வியைச் சுற்றியே இருந்தன.

பெயரும் கோட்பாடும்

கிறிஸ்து திடீரென, உலகம் அறியாமல் வந்து தம்மவர்களை ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் பூமியில் ஏழு வருட உபத்திரவத்துக்கும் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சிக்கும் ஆளாவார்கள். அதன் முடிவில் அவர் எல்லாரும் காண வருவார் என்பது இந்த நாவல்களுக்கு அடிப்படையான போதனை. தமிழ்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் முதலாவதை 'இரகசிய வருகை' என்றும் பின்னதைப் 'பகிரங்க வருகை' என்றும் சொல்வார்கள். எடுத்துக்கொள்ளப்படாதவர் 'கைவிடப்பட்டவர்'. மத்தேயு சுவிசேஷத்தில், மாவரைக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் போவதைச் சொல்லும் இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஆளும் சொல் அது. 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற ஆங்கிலத் தலைப்புக்கு 'விட்டுச்செல்லப்பட்டவர்' என்ற அளவே பொருள். தமிழில் கைவிடுதல் என்பது கணவன் மனைவியைக் கைவிடுவது, பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடுவது. அந்தச் சொல்லிலேயே பாதிக் கதை இருக்கிறது.

இந்தப் போதனைக்கு 19ஆம் நூற்றாண்டில் வடிவம் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). பிளிமத் சகோதரர் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு விவிலியம் அதை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. 1970இல் ஹால் லிண்ட்சி எழுதிய நூல் அன்றாட அரசியல் செய்திகளோடு அதை முடிச்சுப்போட்டது. லஹாய்க்கு முன்பே வழி செப்பனிடப்பட்டிருந்தது.

கதை

முதல் நூலில், சிகாகோவிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்தை ரேஃபோர்டு ஸ்டீல் ஓட்டுகிறார். வீட்டில் பக்தியுள்ள மனைவி இருக்க, அவர் நினைப்பெல்லாம் விமானப் பணிப்பெண் மேல். நள்ளிரவில் பயணிகள் பலர் மறைகிறார்கள். இருக்கைகளில் அவர்கள் உடுத்திருந்த துணி மட்டும் கிடக்கிறது. தரையிறங்கி வீடு திரும்பினால் மனைவியும் மகனும் இல்லை. மகள் மட்டும் அவரைப் போலவே மிஞ்சியிருக்கிறாள்.

இவரைவிட வாசகர் மனத்தில் தைத்தது இன்னொரு பாத்திரம் என்று தோன்றுகிறது: சபையில் உதவிப் போதகராக இருந்தும் உள்ளத்தில் விசுவாசம் இல்லாததால் கைவிடப்பட்ட புரூஸ் பார்ன்ஸ். எடுத்துக்கொள்ளப்பட்ட மூத்த போதகர், மிஞ்சப்போகிறவர்கள் பார்ப்பதற்கென்று முன்கூட்டியே ஒரு வீடியோ கேசட் பதிவுசெய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யுக முடிவை வி.சி.ஆரில் போட்டு விளக்கும் அந்தக் காட்சிக்கு இன்று சிரிப்பு வரலாம். 1995இல் அது வரவேற்பறைக்கு வெகு அருகில் இருந்தது. கதைப்போக்கில் நிக்கோலே கார்பாத்தியா என்ற ருமேனிய அரசியல்வாதி உலகத் தலைவனாகி, அந்திக்கிறிஸ்து என வெளிப்படுகிறான். ஆள் பெருகப் பெருக நடை தொய்கிறது. வசனமெல்லாம் பிரசங்கம் என்ற குறையை விமர்சகர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார்கள்; வாசகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாசகர்கள்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விற்பனை மேலும் ஏறியது. அவ்வாண்டு வந்த 'டெசிக்ரேஷன்' அமெரிக்காவில் ஆண்டின் அதிகம் விற்ற நாவலாகி, நாவலாசிரியர் ஜான் கிரிஷாமைப் பின்னுக்குத் தள்ளியது. வாசித்து மனம்திரும்பியதாக வந்த சாட்சிகளைத் தொகுத்து 2003இல் தனி நூலே வெளியிட்டார்கள். அது பதிப்பகத்தின் பார்வை என்பதை மறக்க வேண்டியதில்லை.

பக்கம் சாயாத சித்திரத்துக்கு ஏமி ஜான்சன் ஃபிரைக்ஹோமின் ஆய்வு உதவும். வாசகர்களை நேரில் சந்தித்து உரையாடி அவர் எழுதிய நூல் 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. அதன்படி, இந்த நாவல்களைத் தனித்து உட்கார்ந்து படித்தவர் குறைவு. அம்மா மகளுக்குக் கொடுத்தாள், சபை நண்பர் நண்பருக்குக் கொடுத்தார், நம்பாத உறவினருக்குக் கவலையோடு பரிசளித்தார்கள். எல்லாவற்றையும் அப்படியே நம்பியவர்கள் இருந்தார்கள். போதனையில் சந்தேகம் இருந்தும் விறுவிறுப்புக்காகப் படித்து, அந்தச் சந்தேகத்தைச் சபையில் சொல்லாமல் விட்டவர்களும் இருந்தார்கள்.

எதிர்ப்பு கிறிஸ்தவர்களிடமிருந்தே பலமாக வந்தது. இந்த நூல்கள் கத்தோலிக்கத்துக்கு எதிரானவை என்று இல்லினாய் மாநில ஆயர்கள் 2003இல் அறிக்கை விட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது: கதையில் எடுத்துக்கொள்ளப்படும் போப்பாண்டவர் லூத்தரை ஒத்த கருத்தால் சர்ச்சைக்குள்ளானவர், கைவிடப்பட்ட கர்தினால் ஒருவரோ பொய்மதத்தின் தலைவராகிறார். லூத்தரன் இறையியலாளர் பார்பரா ராசிங் 2004இல் எழுதிய மறுப்பு நூல், வெளிப்படுத்தின விசேஷம் உலகைவிட்டுத் தப்பியோடும் கதையே அல்ல என்று வாதிட்டது. யூதர்களைப் பெருந்திரளாக மதம் மாறும் பாத்திரங்களாக மட்டும் காட்டியது இன்னொரு கசப்பு. இதற்கிடையே, லஹாயின் நூல்களால் செழித்த டிண்டேல் பதிப்பகமே 2004இல் எதிர்க்கொள்கையுடைய ஹேங்க் ஹனகிராஃபின் நாவலையும் வெளியிட்டது. லஹாய் வெளிப்படையாகவே மனம் வெதும்பினார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டோ இல்லையோ, பதிப்புத் தொழிலின் கணக்கு வேறு.

தமிழ்ச் சூழல்

தமிழகத்தில் கிறிஸ்துவின் வருகை பற்றிய எதிர்பார்ப்பு நாவல் வழியாக வரவில்லை. அமெரிக்க நாவலுக்கு 130 ஆண்டு முன்பே வந்துவிட்டது. டார்பியின் வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவருடன் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) பிற்பாடு கிறிஸ்தியான்பேட்டையை மையமாக வைத்து இயங்கினார். அங்கிருந்து 1860இல் கிளம்பிய எழுப்புதலில் அன்னியபாஷையும் தீர்க்கதரிசனமும் கர்த்தரின் வருகை பற்றிய எதிர்பார்ப்பும் கலந்திருந்தன. அதன் தொடர்ச்சியாகத் திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த ஆண்டும் கடந்து போயிற்று.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் இரும்புலியூர், பெந்தெகொஸ்தே மிஷனின் முக்கிய மையம். 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனிலிருந்து வளர்ந்தது அது. இங்கே ஆண்டுதோறும் கூடும் சர்வதேசக் கன்வென்ஷனுக்கு வெள்ளுடையில், நகையில்லாமல் விசுவாசிகள் திரள்வார்கள். வருகைக்கு ஆயத்தமாவதே பிரசங்கத்தின் அடிநாதம். சற்று வடக்கே, 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த அஸ்தினாபுரம். யுகம் முடிந்த கதையைச் சொல்லும் மகாபாரதத்தில் வரும் தலைநகரின் பெயரைத் தாங்கிய புறநகர் அது. சென்னைப் புறநகர்ச் சுவர்களில் 'இயேசு வருகிறார்' என்ற எழுத்து, டியூஷன் விளம்பரத்துக்கும் பி.ஜி. ஹாஸ்டல் நோட்டீசுக்கும் நடுவே இருக்கும். நாவலின் வேலையை இங்கே கன்வென்ஷன் பந்தலும் கைப்பிரதியும் பாட்டும் செய்கின்றன.

எல்லாத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் இதில் இல்லை. கத்தோலிக்கருக்கு வெளிப்படுத்தின விசேஷத்தின் பெயரே வேறு, 'திருவெளிப்பாடு'. தென்னிந்தியத் திருச்சபையிலும் லூத்தரன் சபையிலும் கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். இரகசிய வருகை அவர்கள் வழிபாட்டில் இல்லை. ஒரே தெருவில் அண்ணன் வீட்டில் வருகைக்கு நாள் எண்ணுவதும் தம்பி வீட்டில் அந்தப் பேச்சே எழாததும் சாதாரணம்.

அந்திக்கிறிஸ்துவின் ஆட்சியைக் குறிக்கும் 666 என்ற முத்திரை மட்டும் சபை எல்லையைத் தாண்டிப் பேசப்படும். லஹாயின் எட்டாம் நூலில் அது தோலுக்கடியில் வைக்கும் சில்லு. இந்தியாவில் பார்கோடு, பிறகு ஆதார், பிறகு தடுப்பூசி என்று சந்தேகம் இடம் மாறியது. மிசோரத்தில் சில கிறிஸ்தவப் பிரிவினர் இதே காரணத்தைச் சொல்லி ஆதாரில் சேர மறுத்தார்கள்.

நாவல் படித்த அமெரிக்கப் பிள்ளைக்கும் பிரசங்கம் கேட்ட தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு: ஆளில்லாத வீட்டைக் கண்டு வரும் பயம். அஸ்தினாபுரத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று பள்ளி விட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்திருக்கிறது, அடுப்பில் குக்கர் சூடாக இருக்கிறது, நாற்காலியில் அம்மாவின் துப்பட்டா கிடக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. பிள்ளை பையை இறக்காமல் தெருமுனைக்கு ஓடிப் பாஸ்டர் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறதா என்று பார்க்கிறது. நிற்கிறது, உள்ளே அவர் இருமுவதும் கேட்கிறது. திரும்பி வந்தால் அம்மா மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணியோடு இறங்கிக்கொண்டிருக்கிறாள். "எங்கடா ஓடுன?" என்கிறாள். அது ஒன்றும் சொல்லாமல் ஷூவைக் கழற்றுகிறது.