நச்சுக்கு எதிராகப் போராடும் சின்ன அமைப்புகள்: காசு எங்கிருந்து வருகிறது?

2009ஆம் ஆண்டு. கென்யாவின் மொம்பாசா நகரில் உள்ள ஓவினோ உஹூரு குடியிருப்பு. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை ஒன்றில் ஃபிலிஸ் ஓமிடோ வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அவருடைய சின்ன மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வேறு ஏதோ நோய் என்று நினைத்துச் சிகிச்சை நடந்தது. கடைசியில் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் தெரிந்தது, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது.

அவர் வேலையை விட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கும் சோதனை செய்ய வைத்தார். அவர்களுக்கும் அதே கதை. ஓர் அமைப்பைத் தொடங்கினார், ஆர்ப்பாட்டம் செய்தார், கைதும் ஆனார். 2014இல் ஆலை மூடப்பட்டது. 2020இல் நீதிமன்றம் அந்த மக்களுக்கு 1.3 பில்லியன் கென்ய ஷில்லிங் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் மக்கள் பக்கம் நின்றது.

மொத்தம் 15 வருடம். இரத்தப் பரிசோதனை, மண் பரிசோதனை, வழக்கறிஞர், போக்குவரத்து என்று செலவு ஓடிக்கொண்டே இருந்த 15 வருடம். இந்த மாதிரி சின்ன அமைப்புகளுக்கு யார் பணம் தருகிறார்கள்?

முதலில், எந்த ஈயம்?

பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வரலாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே பேசுவது காரீயம். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், போன பாதிப்பு திரும்பி வராது. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது ஏறக்குறைய 800 மில்லியன் குழந்தைகளுக்கு, இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருப்பதாக யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் கணக்குச் சொன்னன. அவர்களில் பெரும்பாலானோர் ஏழை நாடுகளில் வசிக்கிறார்கள்.

பேட்டரி மட்டும் காரணமில்லை. சாயமும் உண்டு. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களுக்காக ஈயக் கலவை சேர்ப்பார்கள். சாயம் உதிர்ந்து தூசியாகும். தரையில் தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும். அவ்வளவுதான்.

சின்னத் தொகை என்ன செய்தது?

2012 முதல் 2015 வரை ஆசியாவில் ஒரு திட்டம் நடந்தது. பங்ளாதேஷ், இந்தியா, இந்தோனேசியா, நேப்பாளம், பிலிப்பீன்ஸ், இலங்கை, தாய்லாந்து என்று ஏழு நாடுகள். ஐபென் என்ற அனைத்துலகக் கூட்டமைப்பும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து செய்தன. செலவு சுமார் 1.4 மில்லியன் யூரோ, பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். பிரித்துப் பார்த்தால் ஒரு நாட்டுக்கு மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 200,000 யூரோ.

வேலை பார்க்க எளிமையானது. கடைக்குப் போய்ச் சாய டின்களை வாங்குவது, ஆய்வகத்துக்கு அனுப்புவது, முடிவை வெளியிடுவது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சையும் சாய நிறுவனங்களையும் மேசைக்கு அழைப்பது. "எங்கள் நாட்டில் அந்தப் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் அதிகாரியிடம் பரிசோதனை முடிவைக் காட்டினால் பேச்சு மாறிவிடும்.

பிலிப்பீன்ஸில் ஈக்கோவேஸ்ட் கூட்டணி இதைச் செய்தது. 2013இல் அரசாங்கம் சாயத்தில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக்கூடாது என்று உத்தரவு போட்டது. வீட்டுச் சாயத்துக்கு 2016 கடைசி வரையும் தொழிற்சாலைச் சாயத்துக்கு 2019 கடைசி வரையும் அவகாசம். நேப்பாளம் 2014இல் அதே அளவை நிர்ணயித்தது. இந்தியாவின் விதி 2017 நவம்பரில் நடப்புக்கு வந்தது. எல்லாம் அந்த ஒரு திட்டத்தால் மட்டுமே நடந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே பல வருடம் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 200,000 யூரோவுக்கு இது மோசமான கணக்கு இல்லை.

பணம் வரும் வழிகள்

பெரிய வழி, ஜெஃப் எனப்படும் உலகச் சுற்றுச்சூழல் நிதியம். மக்காத நச்சு ரசாயனங்கள் பற்றிய ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம், பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்தம் இரண்டுக்கும் வளரும் நாடுகளுக்குப் பணம் போவது இதன் வழியாக. 2022 முதல் 2026 வரைக்கும் நாடுகள் அளித்த வாக்குறுதி 5.33 பில்லியன் அமெரிக்க டாலர். ஆனால் பருவநிலை, பல்லுயிர் எல்லாமே அதற்குள்தான். அதிலும் பெரும்பகுதி ஐநா அமைப்புகள் வழியாக அரசாங்கங்களுக்குப் போகிறது.

கிராமத்து அமைப்புக்குக் கதவு திறப்பது அதன் சிறுமானியத் திட்டம். 1992இல் தொடங்கியது. பல வருடங்களாக ஓர் அமைப்புக்குக் கிடைத்த உச்சத்தொகை 50,000 டாலர். யாருக்குக் கொடுப்பது என்று அந்தந்த நாட்டிலேயே ஒரு குழு முடிவு செய்யும், அதில் அரசாங்கம் சாராதவர்களே அதிகம். மலேசியாவிலும் இது செயல்பட்டிருக்கிறது.

இதைத் தவிர தனியார் அறக்கட்டளைகள், ஐரோப்பிய அரசாங்கங்கள். நடுவில் நின்று பெரிய தொகையை வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கூட்டமைப்புகளும் உண்டு. பூச்சிக்கொல்லிக்கு எதிரான ஆசிய பசிபிக் கூட்டமைப்பின் அலுவலகம் நம்ம பினாங்கில்தான் இருக்கிறது.

சில சமயம் எந்த நிதியும் இல்லாமலேயே வேலை நடக்கும். 2018இல் சிலாங்கூர் ஜெஞ்சாரோமில் இரவில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் தாங்காமல் குடியிருப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து, சட்டவிரோதத் தொழிற்சாலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தாங்களே தேடிப் பட்டியல் போட்டு அதிகாரிகளிடம் கொடுத்தார்கள். கார் எண்ணெய்க் காசு அவரவர் பையிலிருந்து. பிறகு 2020 ஜனவரிக்குள் மலேசியா 150 கொள்கலன் குப்பையைத் திருப்பி அனுப்பியது.

சரி, சிக்கல் எங்கே?

நிதி பெரும்பாலும் "திட்டத்துக்கு" வரும். சாய டின் வாங்கலாம், கருத்தரங்கு நடத்தலாம். அலுவலக வாடகைக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் கேட்டால் கை விரிப்பார்கள். ஆனால் அறிக்கையும் தணிக்கையும் கட்டாயம் வேண்டும்! மூன்று பேர் அமைப்பில் ஒருவர் முழு நேரமும் விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுப் பணம் என்றால் அரசாங்கத்துக்குச் சந்தேகமும் வரும். இந்தியா 2020இல் தன் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கும் வழி அங்கே அடைபட்டுவிட்டது. வெளிப்படைத்தன்மைக்காக என்கிறது அரசாங்கம். கணக்கு கேட்பது நியாயம்தான். ஆனால் அடி விழுந்தது தனியாக வெளிநாட்டு நன்கொடை தேடும் வசதி இல்லாத ஆகச் சின்ன அமைப்புகளுக்கு.

இன்னொன்று, கொடுப்பவர் காணாமல் போவது. 2024 செப்டம்பரில் ஈயம் இல்லாத எதிர்காலத்துக்காக ஒரு பெரிய கூட்டணி அறிவிக்கப்பட்டது. யுனிசெஃப்புடன் முன்னால் நின்றது அமெரிக்காவின் யுஎஸ்எய்ட். மொத்த வாக்குறுதி சுமார் 150 மில்லியன் டாலர். பத்தே மாதத்தில், 2025 ஜூலையில், யுஎஸ்எய்ட் தனி அமைப்பாகச் செயல்படுவதே நின்றுபோனது.

சட்டம் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பிலிப்பீன்ஸில் ஈக்கோவேஸ்ட் ஆட்கள் இன்னமும் கடைகளிலும் இணையத்திலும் ஸ்பிரே சாய டின்களை வாங்கிச் சோதிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டின்களில் இன்னமும் ஈயம் அகப்படுகிறது. சட்டம் கொண்டுவருவதற்கு நிதி கேட்டால் கொடுக்க ஆள் இருக்கும். வந்த சட்டத்தைக் கடை கடையாகப் போய்ப் பார்ப்பதற்குக் கேட்டால், "அதுதான் முடிந்துவிட்டதே" என்பார்கள்.