திருவண்ணாமலையின் ஆட்சி அமைப்பு

திருவண்ணாமலை, அண்ணாமலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள கோயில் நகரம். அதே பெயர் கொண்ட மாவட்டத்தின் தலைநகர். 1886-இல் நகராட்சியான இவ்வூர் 2024-இல் மாநகராட்சியானது. வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து 1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை மாவட்டம் அமைக்கப்பட்டது. இந்தியாவின் மூன்றடுக்கு ஆட்சி முறையை ஒரே ஊரில் காண இதைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் குறைவு. அதற்குக் காரணம் கோயில்.

நகர வாக்காளர் மாமன்றத்துக்கும் சட்டப்பேரவைக்கும் மக்களவைக்கும் தனித்தனியே வாக்களிக்கிறார். இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மாவட்டத்தில் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அவற்றில் நான்கு மட்டுமே திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில் அடங்கும். அத்தொகுதியின் மற்ற இரண்டு பகுதிகளான ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் அடுத்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. மேயரை வார்டு உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநகராட்சி ஆணையரை நியமிப்பது மாநில அரசு.

மாவட்ட ஆட்சியரும் தேர்தலில் வருபவர் அல்லர். அமெரிக்காவின் பெரும்பாலான கவுண்டிகளில் காவல் தலைவரான ஷெரீப்பைக்கூட மக்களே தேர்ந்தெடுப்பார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. வரி வசூலிக்க ஆங்கிலேயர் உண்டாக்கிய கலெக்டர் பதவியே இன்றும் மாவட்ட நிர்வாகத்தின் அச்சாணி. இப்பதவியில் இருப்பவர் பெரும்பாலும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் எனப் பிரிக்கிறது. பாடநூலில் உலர்ந்து கிடக்கும் இந்தப் பிரிவினை கார்த்திகை தீபத்தின்போது தெருவிலேயே தெரியும். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் காவல் துறை மாநிலப் பட்டியலுக்கு உரியது. சிறப்பு ரயில்களை விடுவது ஒன்றியத்தின் ரயில்வே. குப்பை அள்ளுவதும் குடிநீர் வழங்குவதும் மாநகராட்சியின் வேலை. தீபம் ஏற்றப்படும் மலை வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. காடுகள் பொதுப் பட்டியலில் வருபவை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்ததைத் தொடர்ந்து, அவ்வாண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

அருணாசலேசுவரர் கோயிலை நிர்வகிப்பது மாநில அரசின் இந்து சமய அறநிலையத் துறை. இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1920-களில் சென்னை மாகாணம் இயற்றிய அறநிலையச் சட்டங்கள். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகளை 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. சமய நம்பிக்கையின் இன்றியமையாத கூறுகளில் அரசு தலையிடக் கூடாது, சொத்து நிர்வாகத்தைச் சட்டப்படி முறைப்படுத்தலாம் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்க மாணவருக்கு இது வியப்பாக இருக்கும். 1791-இல் ஏற்கப்பட்ட முதல் திருத்தத்தின்படி அங்கே அரசு ஒரு தேவாலயத்துக்கு நிர்வாக அதிகாரியை நியமிக்க இயலாது. இந்திய அரசமைப்பின் 25, 26-ஆம் பிரிவுகளோ சமய உரிமையை வழங்கி, சமயம் சார்ந்த பொருளியல் நடவடிக்கைகளை அரசு முறைப்படுத்தவும் இடம் விடுகின்றன.

பட்டியல்களின் எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. சமய அறக்கட்டளைகள் பொதுப் பட்டியலில் உள்ளன. நாடாளுமன்றச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் பெற்றவையாக அறிவிக்கப்படும் நினைவுச்சின்னங்கள் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. 2002-இல் இக்கோயிலை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் கொண்டுவர ஒன்றிய அரசு முற்பட்டபோது இரண்டும் மோதின. ஊரில் எதிர்ப்பு வலுத்தது. பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

நீதித்துறையில் இத்தகைய பிரிவு இல்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களும் மாநில நீதிமன்றங்களும் தனித்தனி வரிசைகள். திருவண்ணாமலையில் எழும் வழக்கு, ஒன்றியச் சட்டம் பற்றியதானாலும் மாநிலச் சட்டம் பற்றியதானாலும், மாவட்ட நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்ற ஒரே வரிசையிலேயே மேலே செல்கிறது.