மண்டல விரதமும் வாளையார் வழியும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுமதில்போல நீண்டு கிடக்க, அம்மதிலில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த திறப்பே பாலக்காட்டுக் கணவாய் எனப்படும்; அதன் கிழக்கு வாயிலில், கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் 1860களில் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையும் காட்டை ஊடறுத்துச் செல்லும் இடத்தில், வாளையார் இருக்கிறது. சோதனைச்சாவடி, சரக்கு லாரி வரிசை, அணை, சிமெண்ட் ஆலை என்ற அளவிலேயே அறியப்பட்ட இவ்வூர், கார்த்திகை பிறந்ததும் வேறொரு கூட்டத்தைக் காண்கிறது. கறுப்போ நீலமோ உடுத்து, கழுத்தில் துளசிமணி மாலையும் காலில் செருப்பின்மையுமாக, கொங்கு நாட்டிலிருந்தும் சேலம், ஈரோட்டுப் பக்கங்களிலிருந்தும் சபரிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இவ்வாயிலைக் கடக்கிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தாருக்கு இடுக்கி மாவட்டத்துக் குமுளி அதே வேலையைச் செய்கிறது. இக்கூட்டத்தின் பின்னுள்ள 41 நாள் நோன்பு, பக்தியாகவோ நெரிசலாகவோ மட்டுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. தமிழ்நாட்டு ஆண்களின் அன்றாடப் பழக்கத்தில் கைவைத்த மிகப் பெரிய ஏற்பாடுகளுள் ஒன்று என்ற முறையிலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

இவ்விரு வாயில்களும் ஒரே வயதினவல்ல. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால், வாளையாரைக் கடந்தவர் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போனாரே தவிர வேறு அரசுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. குமுளியோ திருவிதாங்கூர் மன்னராட்சிக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையிலான எல்லையாக முன்பே நின்றது. இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972இல்தான். சபரிமலையும் திருவிதாங்கூர்க் காட்டுக்குள் இருந்தமையால், அந்நாளைய தமிழ் யாத்திரிகர் எந்த வாயிலால் வந்தாலும் தம் மன்னர் அல்லாத ஒரு மன்னரின் காட்டில்தான் நடக்க வேண்டியிருந்தது.

'மண்டலம்' என்பது நோன்புக்கும் மருந்துக்கும் வகுக்கப்பட்ட கால அளவு. சித்த மருத்துவத்தில் அது பெரும்பாலும் 48 நாளாகக் கொள்ளப்பட, சபரிமலை வழக்கில் 41 நாளாக நிற்கிறது. தமிழர் கார்த்திகை என்னும் மாதத்தை மலையாளத்தார் விருச்சிகம் என்பர். அதன் முதல் நாளில் தொடங்கும் கணக்கு, மார்கழிக்கு நேரான தனு மாதத்தின் 11ஆம் நாள் வாக்கில் மண்டல பூசையோடு முடிகிறது. பலமுறை மலையேறி வழி காட்டும் மூத்தவராகிய குருசாமி மாலையை அணிவித்த நொடியிலிருந்து அணிந்தவரின் பெயர் மறைந்து 'சாமி' என்ற விளி மட்டும் எஞ்சும். முதல்முறை போகிறவர் 'கன்னிச்சாமி' ஆவார். விடியுமுன் ஒரு குளிர்நீர்க் குளியல், மாலையில் இன்னொன்று, இருவேளையும் விளக்கேற்றிச் சரணம் விளித்தல், மரக்கறி உணவு, பிரம்மச்சரியம், பாயில் அல்லது வெறுந்தரையில் உறக்கம், சவரமின்மை, மதுவும் புகையிலையும் நீக்கல், கடுஞ்சொல் தவிர்த்தல் எனத் தினசரி ஒழுங்கு விரியும். பாலக்காட்டில் இக்குளியலின் கடுமை தனியானது. கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து கணவாய் வழியே உலர்ந்து வீசும் காற்றுக்கு அங்கே 'விருச்சிகக் காற்று' என்றே பெயர், அக்காற்றில் ஈரத்துண்டோடு நிற்பவருக்கு விழிப்பைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

இவ்வொழுங்கின் வேர் காட்டில் இருக்கிறது. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த வார்டு, கானர் என்னும் இரு பிரிட்டிஷ் அதிகாரிகளின் அறிக்கையிலேயே சபரிமலைக் கோயில் குறிக்கப்படுகிறது. அப்போது அது அடர்காட்டின் நடுவே அரிதாகத் திறக்கும் கோயில். எருமேலியிலிருந்து அழுதை ஆற்றைக் கடந்து, கரிமலை ஏறி இறங்கிப் பம்பையை அடையும் 'பெருவழி', யானையும் புலியும் நடமாடும் காடு. வெறுங்காலால் நடந்து பழகாத பாதமும், நேரத்துக்குச் சோறு கேட்கும் வயிறும், இரவில் மெத்தை தேடும் முதுகும் அக்காட்டில் பெருஞ்சுமையாகிவிடும். வீட்டிலேயே ஒரு மண்டலம் செருப்பைக் கழற்றித் தரையில் படுத்தவருக்குக் காடு புதிதாக எதையும் கேட்பதில்லை. விரதத்தின் சமய விளக்கங்கள் பல இருப்பினும், அதை வகுத்தவர்கள் நடையின் தேவையை அறிந்தே வகுத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இதற்குச் சான்று இருமுடியிலேயே இருக்கிறது. இருமுடி என்பது தலைமேல் சுமக்கும் இரண்டு அறை கொண்ட துணிமூட்டை. அதைக் கட்டும் சடங்குக்குக் கட்டுநிறை என்று பெயர். முன்முடியில் வழிபாட்டுப் பொருள்கள் இருக்கும், அவற்றுள் தலையாயது நெய்த்தேங்காய்: மட்டையும் நாரும் போக மழமழவென்று சீவிய தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, உருக்கிய நெய்யைச் சிறுகச் சிறுக ஊற்றி, தக்கையால் அடைத்துக் கசியாதபடி மேலே மூடுவார்கள். பின்முடியோ வழிப்பயணத்துக்கான அரிசியும் வெல்லமும் பிற உணவும் வைக்கும் இடம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாலக்கயம் வழியாகப் பம்பைவரை மோட்டார் வாகனம் செல்லச் சாலை வந்து, நாள்கணக்கில் நீண்ட நடை பெரும்பாலோருக்குச் சில மணி நேர ஏற்றமாகச் சுருங்கியபோது, முன்முடி மாறாமல் நிற்கப் பின்முடி ஒரு கைப்பிடி அரிசியாகக் குறைந்தது. காட்டின் கட்டாயம் நீங்கிய அன்றே 41 நாள் என்பது பலருக்குப் பேரம் பேசக்கூடிய எண்ணாயிற்று. ஒரு வாரம், மூன்று நாள், புறப்படும் காலையில் மாலை என அது தேய்ந்ததற்கு மனத்தளர்ச்சியைவிடத் தார்ச்சாலையே பெரிய காரணம்.

ஆயினும் தமிழ்நாட்டில் இந்நோன்பு பெருவழக்கானதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1950இல் கோயில் தீக்கிரையாகி, அடுத்த ஆண்டு புதிய ஐம்பொன் திருமேனி நிறுவப்பட்டது. அதனைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டு செல்வதில் முன்னின்றவர், 1936இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகச் சில மாதம் இருந்த நீதிக்கட்சித் தலைவர் பி. டி. ராஜன். பிராமணரல்லாதார் இயக்கத்தின் தலைவர் ஒருவர் இப்பணியை மேற்கொண்டது, தமிழக அரசியலை நேர்கோடாக எண்ணுபவர்களைச் சற்றே நிறுத்தி யோசிக்க வைக்கும். ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடமேற்றமையால் அப்பெயரே அடைமொழியாகிவிட்ட நவாப் ராஜமாணிக்கம், தம் நாடகக் குழுவைக் கொண்டு ஐயப்பன் கதையை ஊர் ஊராக நடத்தினார். சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றும் அக்காலத்து 'பாய்ஸ் கம்பெனி' என்னும் குழுக்களில் விடியலில் எழுதல், பாட்டுப் பயிற்சி, வழிபாடு, பாடம், ஒத்திகை என நாள் முழுதும் மணிக்கணக்கில் வகுக்கப்பட்டிருந்தது. ஒழுங்குக்குப் பெயர்பெற்ற ராஜமாணிக்கத்துக்கு மண்டல விரதம் அந்நியமாகத் தோன்றியிராது. அவரிடம் சிறுவனாகச் சேர்ந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் திரையில் வில்லனாகவும் மலைவழியில் மகா குருசாமியாகவும் அறியப்பட்ட எம். என். நம்பியார்.

மலைக்குப் போகாமலே நோன்பை ஊரோடு பிணைக்கும் வழக்கமும் பாலக்காட்டுப் பகுதியில் உண்டு. 'ஐயப்பன் விளக்கு' என்னும் அவ்விழாவில் வாழைத்தண்டையும் குருத்தோலையையும் கொண்டு ஒரே நாளில் சிறு கோயில்கள் எழுப்பப்படும். தண்டின் வெண்மையான மடல்களில் கத்தியால் பூவேலை செதுக்கித் தூண், வாயில், மாடம் என அடுக்கும் கைவினைஞர் தனித் தேர்ச்சி உடையவர்கள். பாலைமரக் கொம்பை ஊர்வலமாகக் கொணர்ந்து நட்டபின், உடுக்கையடித்து ஐயப்பன் பிறப்பையும் அவர் தோழரான வாவரையும் பற்றி இரவெல்லாம் பாடுவர். விடியலில் கனலாட்டம் என்னும் தீமிதி நடைபெறும். பந்தல் மறுநாள் வாடிவிடும். கல்பாத்தி முதலிய தமிழ் அக்கிரகாரங்களில் இதற்கு இணையாகச் 'சாஸ்தா பிரீதி' என்னும் பாட்டும் விருந்தும் உண்டு.

சாமி என்ற பொதுவிளியின் எடையை அறிய அதே கல்பாத்தியை நினைக்க வேண்டும். 1924இல் தேர்த்திருவிழாவின்போது ஈழவர் அங்குள்ள அக்கிரகாரத் தெருவில் நடந்ததே பெருந்தகராறாயிற்று. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 அன்று. அத்தகைய நாட்டில், எதிர்ப்படுபவர் எவராயினும் சாமி என்று அழைத்தாக வேண்டும் என்ற விதி சிறியதன்று. அது மாலை கழன்றதும் கழன்றுவிடுகிறது என்பதும் உண்மை. 10 முதல் 50 வயதுவரையுள்ள பெண்களுக்கான தடை 1991இல் கேரள உயர்நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டு, 2018இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, இன்னும் வழக்காடலில் இருக்கிறது. மலையேறாத பெண்களின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: விரதக்காரர் எழுமுன் எழுந்து குளித்துத் தனிப் பாத்திரத்தில் சமைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே, அவர் கழுத்தில் மாலை கிடையாது.

பழக்கம் வேர்கொள்ள எத்தனை நாள் வேண்டும் என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். சராசரி 66 நாள் என்றும், ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள்வரை மாறும் என்றும், இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்றும் கண்டனர். கடைசி முடிவைக் குருசாமிகள் ஏற்கமாட்டார்கள். ஆனால் ஒரு மண்டலம் மட்டும் போதாது என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 18ஆம் ஆண்டு மலையேறுபவர் சன்னிதானத்தில் ஒரு தென்னங்கன்று நடுவார் என்ற மரபு, விரதத்தை ஆண்டுதோறும் திரும்ப வேண்டிய பாடமாகவே கருதியது. பதினெட்டு மண்டலம் என்பது 738 நாள்.

பெரும்பாலோர் வாளையார் வழியே ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய மாலையிலேயே பழைய வழக்கங்களுக்குத் திரும்புகிறார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட முறை மலையேறிய நம்பியார், மாலையில்லாத மாதங்களிலும் மரக்கறி உண்டு, மது தொடாமல் வாழ்ந்தார். 2008 நவம்பர் 19 அன்று அவர் காலமானபோது கார்த்திகை பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன.