பாத்ஷீபாவின் பண்ணையும் ஆங்கிலேயர் மணச்சட்டமும்

தாமஸ் ஹார்டி எழுதிய 'ஃபார் ஃபிரம் தி மேடிங் கிரௌட்' என்னும் ஆங்கிலப் புதினம், 1874ஆம் ஆண்டில் 'கார்ன்ஹில்' என்ற லண்டன் மாத இதழில் பன்னிரண்டு திங்கள் தொடர்கதையாக வெளிவந்தது. தொடக்கத்தில் ஆசிரியர் பெயர் அறிவிக்கப்படவில்லை. ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் எழுதிவந்த பெண்மணியின் படைப்பாக இது இருக்கலாமென 'ஸ்பெக்டேட்டர்' வார இதழ் ஊகித்தது. உண்மையில் எழுதியவரோ டார்செட் மாவட்டத்துக் கொத்தனார் ஒருவரின் மகன்.

ஒரு பெண், அவளை மணக்க விழையும் ஆடவர் மூவர் என்ற அளவில் இக்கதையைப் படித்து மகிழ்ந்தோர் பலர். அஃது ஒரு வகைப் படிப்பு. அக்காலத்து மணச்சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது மற்றொரு வகை. அவ்வாறு படிக்குங்கால், கதைத்தலைவி எதைத் தேர்ந்தாள், எதை இழந்தாள் என்பது தெளிவாகப் புலப்படுகிறது.

கதைத்தலைவி பாத்ஷீபா எவர்டீன் தாய் தந்தையரை இழந்தவள். கேப்ரியல் ஓக் என்னும் ஆட்டுப்பண்ணையாளன் முதலில் அவளைப் பெண் கேட்கிறான். ஓர் ஆடவனின் உடைமையாகத் தன்னைப் பிறர் எண்ணுவதே தனக்குப் பிடிக்கவில்லை என்று கூறி அவள் மறுத்துவிடுகிறாள். பின்னர் அவளுடைய தந்தையின் உடன்பிறந்தார் பயிரிட்டுவந்த வெதர்பரிக் குத்தகைப் பண்ணை அவள் கைக்கு வருகிறது. தானியம் திருடிய மேற்பார்வையாளனை நீக்கிவிட்டுத் தானே பண்ணையை நடத்துகிறாள். ஆடவரே நிறைந்த தானியச் சந்தையில் தனியொருத்தியாக நின்று விலை பேசுகிறாள். ஓக்கோ தன் ஆடுகள் இருநூறும் ஒரே இரவில் பள்ளத்தில் விழுந்து மடிய, அவளிடமே இடையனாகப் பணியில் அமர்கிறான். அடுத்த பண்ணைக்காரர் போல்ட்வுட், அவள் விளையாட்டாக அனுப்பிய வாழ்த்து மடலை உண்மையெனக் கொண்டு அவளை நாடுகிறார். அவளோ அழகும் நாவன்மையும் மிக்க படைவீரன் டிராயைப் பாத் நகரில் மறைவாக மணந்துகொள்கிறாள்.

அத்திருமணத்தால் சட்டத்தின் கண்ணில் நிகழ்ந்தது யாது? மஹர் பெற்று, தன் பொருளைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் மனைவியரைக் கண்டு பழகிய வாசகர்களுக்கு இது புதிராகத் தோன்றலாம். ஆதலின் சற்று விளக்குவோம். இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஓராளே. அந்த ஓராள் கணவன். மனைவியின் ரொக்கம், கால்நடை, அறுவடை செய்த தானியம் ஆகியன மணந்த அளவிலேயே முற்றிலும் அவனுடையனவாயின. குத்தகை நிலத்தை அவன் தன் விருப்பம்போல் விற்கலாம். அவளோ தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் இயலாது. தனித்து வழக்காடவும் இயலாது. செல்வர்கள் இதற்கொரு வழி கண்டிருந்தனர்; மகளின் சொத்தை அறங்காவலர் பொறுப்பில் எழுதிவைத்து, மருமகன் கை படாமல் காத்தனர். பெற்றோரற்ற ஒருத்தி மறைவாக விரைந்து செய்துகொண்ட திருமணத்தில் அத்தகைய காப்புக்கு இடமேது?

இதை அறிந்தபின், புயலிரவைப் பற்றிய அதிகாரங்களை மீண்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். களத்தில் கோதுமைப் போர் ஐந்தும் வாற்கோதுமைப் போர் மூன்றும் மூடப்படாமல் நிற்கின்றன; அவற்றின் மதிப்பு 750 பவுன் என ஓக் கணக்கிடுகிறான். டிராயோ வேலையாட்களுக்கெல்லாம் மது ஊற்றித் தானும் மயங்கிக் கிடக்கிறான். இடியும் மின்னலும் சூழ, ஓக் தனியே போர்களை மூடத் தொடங்குகிறான். பாத்ஷீபாவும் வந்து துணைநிற்கிறாள். காதலுக்காக ஒருவன் செய்த தொண்டென்று இதனைப் போற்றுவர். சட்டப்படி நோக்கினாலோ, அந்த இரவில் இருவரும் உயிரைப் பணயம் வைத்துக் காத்த தானியம் பாத்ஷீபாவுடையதன்று. உறங்கிக் கிடந்த டிராயுடையது. குதிரைப் பந்தயத்தில் ஒரு மாதத்துக்குள் நூறு பவுனுக்கு மேல் அவன் தோற்றதும் அவள் பணமன்று. சட்டம் அவனுக்கே ஆக்கித் தந்த பணம்.

மணவிலக்கு பெற்றிருக்கலாகாதா எனின், அதுவும் எளிதன்று. 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி பிறழ்ந்தாள் என்ற ஒன்றே கணவன் விலக்குப் பெறப் போதும். மனைவி விலக்குப் பெற வேண்டுமாயின், கணவனின் பிறழ்ச்சியோடு கொடுமை, ஈராண்டுக் கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் மெய்ப்பித்தல் வேண்டும். டிராயால் தாய்மையுற்று மாண்ட ஃபானி ராபினையும் அவள் சிசுவையும் ஒரே பெட்டியில் காணும் பாத்ஷீபாவின் நெஞ்சம் நொறுங்குகிறது. ஆயினும் அவ்வுறவு மணத்துக்கு முந்தியது. நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. கடலில் மாண்டான் எனக் கருதப்பட்ட டிராய், பின்னர்ப் போல்ட்வுட்டின் வீட்டு விருந்தில் தோன்றி மனைவியைத் தன்னுடன் வருமாறு கட்டளையிடும்போது, சட்டம் அவன் பக்கமே நிற்கிறது. போல்ட்வுட்டின் துப்பாக்கியே அவ்வுரிமையை முடித்துவைக்கிறது.

இந்நிலையைக் கண்டித்தோர் இல்லாமலில்லை. மனைவியர்க்குச் சொத்துரிமை வேண்டி 1856இல் நாடாளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட விண்ணப்பத்தில் எலிசபெத் காஸ்கெல் ஒப்பமிட்டார்; ஜார்ஜ் எலியட்டும் ஒப்பமிட்டார். 1870இல் வந்த சட்டம் மனைவி உழைத்துப் பெறும் ஊதியத்தையும், மணத்துக்குப்பின் அவளுக்கு வரும் சிலவகைச் சொத்துகளையும் அவளுக்கே உரியவையாக்கியது. மணத்துக்கு முன்னரே அவள் வைத்திருந்த பொருளை அது காக்கவில்லை. பாத்ஷீபாவின் பண்ணையோ அவ்வகையைச் சார்ந்தது.

கைம்பெண்ணானபின் அவளுக்குத் தன் பெயரும் பொருளும் மீள்கின்றன. மீண்டவற்றை மறுபடியும் ஒருவன் கையில் ஒப்படைக்கப் போகிறாள். ஆனால் இம்முறை கண்திறந்து ஒப்படைக்கிறாள். தன் பொருளைத் தனதன்று என்று அறிந்தே காத்தவன் எவன் என்பதை அவள் கண்டிருக்கிறாள். ஓக்கின் குடிலுக்குத் தானே நடந்து செல்கிறாள். பணிகளை வைத்தே ஹார்டி இம்மூவரையும் அளக்கிறார் என்பது என் கருத்து. சட்டம் காவாத இடத்தில் கணவனின் குணமொன்றே பெண்ணுக்குக் காவலாயிருந்தது.

அந்தக் காவல் போதுமானதா என்பதே இந்நூல் எழுப்பும் வினா. நல்லவன் வாய்த்தால் மட்டும் நிலைக்கும் உரிமையை உரிமையென்று சொல்லவியலாது, அது வாய்ப்பு. எத்தனை பெண்களுக்கு ஓக் கிடைத்திருப்பான்? 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1883 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மணந்த பெண்கள் தம் சொத்து முழுவதையும் தமதாகவே வைத்துக்கொண்டனர். முன்னரே மணந்தவர்க்கோ, அந்நாளுக்குப்பின் வந்துசேரும் சொத்து மட்டுமே உரியதாயிற்று. ஏற்கெனவே கணவனிடம் சென்றவை சென்றவையே. பாத்ஷீபா உண்மையாகவே வாழ்ந்திருப்பின், வெதர்பரிக் களத்துப் போர்கள் அச்சட்டத்தாலும் அவளிடம் திரும்பியிரா.