பனிப்பாறையைத் தேடியவர்

1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதும், எதிரொலியால் பனிப்பாறையை முன்னறிய முடியுமா என ஆராய்ந்தார் ஜெர்மானிய இயற்பியலாளர் அலெக்சாண்டர் பேம். பனிப்பாறை சரிவரப் பிடிபடவில்லை; கடலடித்தளமோ தெளிவாக மறுமொழி தந்தது. 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை மாலுமிகள் நம்பியது ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத்தான்.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். எதிரொலி திரும்ப இரண்டு நொடியானால் ஆழம் 1500 மீட்டர். இதே நுட்பத்தால் மீன்கூட்டத்தைக் காட்டும் கருவியை 1948-இல் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

இன்று உல்லாசப் படகின் பின்புறம் இதன் உணரியைப் பொருத்துவோர், உந்துவிசிறி கிளப்பும் குமிழிகள் எட்டாத இடம் தேடுகின்றனர். காற்றுக்குமிழி ஒலியை மறித்துவிடும். தேடியது கிட்டாதபோதும் கிட்டியதை பேம் கைவிடவில்லை. அக்கருவியின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.