ரங்கூன் குமாஸ்தாவும் என் ரத்த அழுத்தமும்

போன மாதம் மார்த்தாண்டத்தில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். ரத்த அழுத்தம் 160க்கு 100 காட்டியது. மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, "சார், தினமும் இருபது நிமிஷம் மைண்ட்ஃபுல்னஸ் பண்ணிப் பாருங்க" என்றார். அது என்ன என்று கேட்டேன். மூச்சு வருவதையும் போவதையும் கவனித்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், மனம் எங்கேயாவது ஓடினால் எரிச்சல்படாமல் திரும்ப மூச்சுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்கு வந்து பேரனிடம் சொன்னேன். கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். ஓர் அமெரிக்கக் குரல் என்னை மூச்சு விடச் சொன்னது. எழுபத்து நான்கு வருடமாக யாரும் சொல்லாமலே விட்டுக்கொண்டிருக்கிற மூச்சு! சிரித்துவிட்டு மூடி வைத்தேன். ஆனால் இது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியவில்லை. எந்தக் கோப்பையும் முதல் தாளிலிருந்து படிப்பது உத்தியோகத்தில் வந்த பழக்கம். இந்தக் கோப்பைப் புரட்டிக்கொண்டே பின்னால் போனால், அங்கே உட்கார்ந்திருந்தவர் என்னைப் போல ஓர் அரசாங்கக் குமாஸ்தா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். புத்தர் பேச்சுகள் எழுதப்பட்ட பாலி மொழியில் இதற்கு 'சதி' என்று பெயர். நினைவு என்று பொருள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதை 'ப்ளேன் கோன்சியான்ஸ்' என்கிறார்கள். முழு உணர்வு என்று அர்த்தம். ஆனால் அந்த 'கோன்சியான்ஸ்' என்ற சொல்லுக்கு மனசாட்சி என்றும் இன்னொரு பொருள் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். தமிழில்? என் மனைவி தினமும் சொல்வதுதான்: "சாயா ஆறிப் போச்சு. நினைப்பு எங்க கெடக்கு ஒங்களுக்கு?" பாலிச் சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அருமனையில் தியானம் என்றால் நமக்குச் சிதறால் மலைதான் ஞாபகம் வரும். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் கண்ணை மூடி அமர்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் துறந்தவர்களுக்கான மலை அது. மாதச் சம்பளக்காரன் அங்கே ஒரு சாயங்காலம் காற்று வாங்கிவிட்டு இறங்கலாம், தங்க முடியாது. புத்த சமயத்திலும் தியானம் பெரும்பாலும் துறவிகள் காரியமாகவே இருந்தது. அதை வீட்டுக்காரர்களிடம் கொண்டு வந்தது பர்மா.

1885இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்து, தீபா மன்னரைக் கப்பலேற்றி, கடைசியில் நம் நாட்டு ரத்னகிரியில் கொண்டுபோய் வைத்தார்கள். அரசன் போனான், இனி சமயத்தை யார் காப்பது என்ற கவலை பர்மாவில் வந்தது. லெடி சயாடோ (1846–1923) என்ற பெரிய பிக்கு, ஜனங்களே காத்துக்கொள்ளட்டும் என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் நூல்கள் எழுதினார், தியானமும் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் சயா தெட்ஜி. ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் விவசாயம் செய்தவர், காலராவில் மகனையும் மகளையும் பறிகொடுத்து அமைதி தேடிப் புறப்பட்டவர். பிக்கு அல்லாத அந்தக் குடியானவரையே, நீ போய்ச் சொல்லிக் கொடு என்று குரு அனுப்பினார்.

அந்த விவசாயியிடம் வந்து சேர்ந்தவர்தான் நம் குமாஸ்தா, ஊ பா கின். 1899இல் ரங்கூனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். கொஞ்ச காலம் பத்திரிகை அலுவலகத்தில் இருந்துவிட்டு, கணக்காயர் அலுவலகத்தில், அதாவது நாம் ஏ.ஜி. ஆபீஸ் என்கிறோமே, அதில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1926இல் கணக்குப் பணித் தேர்வில் தேறினார். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல்தான் தனியாகப் பிரிந்தது. அவர் படித்த கணக்கு விதிகளும் நான் உருப்போட்ட விதிகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று நினைத்தால் ஒரு சொந்தம் வந்துவிடுகிறது.

1937 ஜனவரியில் சயா தெட்ஜியின் மாணவர் ஒருவர் மூச்சைக் கவனிக்கும் முறையை அவருக்குச் சொன்னார். சில நாட்களிலேயே லீவு போட்டுவிட்டு ஆற்றைக் கடந்து குருவிடமே போய்விட்டார். கற்றபின் வேலையை விடவில்லை, குடும்பத்தை விடவில்லை. பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4ஆம் நாள் நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். 1950இல் தன் அலுவலகத்திலேயே விபாசனா சங்கம் ஒன்றைத் தொடங்கி, அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1952இல் ரங்கூனில் தியான மையம் ஒன்றை அமைத்தார். அரசாங்கம் அவரை விடவில்லை. ஒரே சமயத்தில் பல துறைகளைத் தலையில் கட்டியது. 1967இல்தான் ஓய்வு பெற்றார், 1971இல் காலமானார்.

லஞ்சத்துக்கும் மெத்தனத்துக்கும் அவர் இடம் கொடுக்காதவர் என்று எழுதியிருக்கிறார்கள். அவருடைய பத்து நாள் பயிற்சியின் முதல் படி மூச்சு அல்ல. கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை முதலிய ஐந்து ஒழுக்கங்களை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மூச்சைக் கவனிக்க உட்கார வேண்டும். பிரெஞ்சுச் சொல்லின் இரண்டாம் பொருள் இங்கே வருகிறது.

1955இல் அவரிடம் மண்டலேயில் பிறந்த ஒரு மார்வாடி வியாபாரி வந்தார். பெயர் எஸ்.என். கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலிக்காரர். மார்ஃபின் ஊசி போட்டுத்தான் அடங்கும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான் என்று போய்ப் பார்த்தும் குணமில்லை. தலைவலி தீர வேண்டும் என்று கேட்டதும் ஊ பா கின் மறுத்துவிட்டார். இது மனத்தைச் சுத்தம் செய்யும் வழி, தலைவலி மருந்தாக அதைச் சிறுமைப்படுத்தாதே, நோய் குணமானால் அது கூடவே வருகிற பலன் என்பது அவர் எண்ணம். பிறகு கோயங்கா அதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். தலைவலியும் போயிற்று.

1969 ஜூலையில் கோயங்கா பம்பாயில் தன் முதல் பயிற்சியை நடத்தினார். 1976இல் இகத்புரியில் மையம் எழுந்தது. இன்று சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது. பத்தாம் நாள் காலைவரை பேசக்கூடாது, கட்டணம் கிடையாது.

மறுபுறம், 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஸின் என்பவர், மருந்துக்கு அடங்காத வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ஜென், யோகம், விபாசனா மூன்றிலிருந்தும் எடுத்து, சமயப் பேச்சு இல்லாமல் அமைத்தது. உடம்பை அங்கம் அங்கமாகக் கவனித்துப் போகும் பகுதி ஊ பா கின் வழியிலிருந்து போனது. என் டாக்டர் சொன்ன பெயரும் பேரனின் செயலியும் அங்கிருந்து வந்தவை. அவர்கள் தலைவலிக்காரர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. நல்லதுதான், இல்லாவிட்டால் எனக்கு ஏது இது? ஆனால் ஒன்று. 2017இல் அமெரிக்க இருதயச் சங்கமே தியானத்தை வழக்கமான சிகிச்சைக்குத் துணையாகத்தான் சொன்னது. என் வயது நண்பர்கள் யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

இனி என் கதை. 1988 என்று நினைக்கிறேன். ஓர் அரசு அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். மார்ச் மாதம், மேசை நிறையக் காகிதம், வீட்டிலும் கடன் தொல்லை. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு வயதான அம்மா வந்தார். இறப்புச் சான்றிதழ் இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். கொடுத்துவிட்டேனே ஐயா என்றார். நாலாவது தடவை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் மேசையை ஒழுங்கு செய்யும்போது, வேறொரு கோப்போடு சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தது அந்தச் சான்றிதழ். 'பெறப்பட்டது' என்று என் கையெழுத்து, என் சுருக்கொப்பம், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. மறுநாளே கோப்பை நகர்த்தினேன், அவருக்குப் பணமும் கிடைத்தது. மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வேலைப்பளு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊ பா கின் மேசையில் என்னுடையதைவிடப் பத்து மடங்கு காகிதம் இருந்திருக்கும்.

இப்போது தினமும் விடியுமுன் திண்ணையில் உட்காருகிறேன். எதிரே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களின் தலைவிளக்கு மரத்துக்கு மரம் நகரும். செயலி வேண்டியிருக்கவில்லை. நாலைந்து மூச்சுக்குள் மனம் ஓடிவிடும், திரும்பக் கூட்டி வருவேன். போன வாரம் அழுத்தம் 140க்கு 90. மாத்திரையா மூச்சா, இரண்டுமா, டாக்டர் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

ஓடுகிற மனம் அடிக்கடி போய் நிற்கிற இடம் அந்த ஓய்வூதியப் பிரிவுதான். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. இன்னும் உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளைகள் யாராவது படிப்பீர்கள் என்று உங்களிடம் சொல்கிறேன். எதிரே நிற்கிறவரைத் திருப்பி அனுப்புமுன் ஒரு மூச்சு நேரம் பொறுத்து, மேசையை ஒருமுறை பாருங்கள்.